கோப்பும் முகமும்

அலென் ரெனேயின் 'இரவும் மூடுபனியும்' 1956-இல் வெளிவந்தது. மொத்தமே 32 நிமிடம். நாஜி வதைமுகாம்களைப் பற்றிய அந்தப் படத்தில் பிணங்களைப் புல்டோசர் குழிக்குள் தள்ளும் காட்சி உண்டு. வெட்டிய தலைகள் வாளியில் கிடக்கும் காட்சியும் உண்டு. அவற்றையெல்லாம் கடைசியில் அனுமதித்த பிரெஞ்சுத் தணிக்கைக் குழு, ஒரு தொப்பி விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. பழைய புகைப்படம் ஒன்றில், காவல் கோபுரத்தில் நின்றபடி முகாமைப் பார்த்துக்கொண்டிருப்பவர் தலையில் இருந்த தொப்பி அது. முகாம் இருந்தது பிரான்சில். தொப்பி பிரெஞ்சுக் காவல் படையினரான ஜாந்தார்ம்கள் அணிவது. வேறு வழியில்லாமல் படக்குழு அந்த இடத்தில் ஒரு மரச்சட்டத்தைத் தீட்டி அதை மறைத்தது. தொப்பி மறுபடி வெளியே வரப் பல பத்தாண்டுகள் ஆயின.

சினிமாவின் வலிமை அந்தத் தணிக்கைக் குழுவுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. கொலைகாரர்கள் எல்லையைத் தாண்டி வந்தார்கள், கொன்றார்கள், போனார்கள் என்ற கதைக்குப் பிணங்களால் இடைஞ்சல் இல்லை. தொப்பியால்தான் இடைஞ்சல். ஆனால் ரெனேயின் படத்துக்கும் ஒரு குறை உண்டு. யூதர் என்ற பேச்சே அதன் வர்ணனையில் ஒரே ஒரு முறை, போகிற போக்கில்தான் வருகிறது. மனிதன் மனிதனுக்குச் செய்த கொடுமை என்ற பொதுமையில் படம் நின்றுவிடுகிறது. யார், யாரை, எந்தச் சட்டத்தின் கீழ், யாருடைய கையெழுத்தோடு என்ற கேள்விகளுக்கு அங்கே இடமில்லை. தணிக்கையாளர் தொப்பியை விட்டிருந்தாலும் படம் அதைப் பற்றி எதுவும் சொல்லியிருக்காது.

யூதர் வேட்டையில் அரசு அதிகாரிகளுக்கு இருந்த பங்கை அம்பலப்படுத்திய ஆவணப்படங்களை நாம் பெரும்பாலும் தலைவணங்கியே பார்க்கிறோம். அதற்கு அவை தகுதியானவைதான். ஆனால் அந்த மரியாதையில், அவை உண்மையில் எதை நிரூபிக்கின்றன என்ற கேள்வி அடிபட்டுப்போகிறது. அதிகாரியின் முகத்தைப் பிடிப்பதில் இந்தப் படங்கள் கைதேர்ந்தவை. அதிகாரி செய்த குற்றமோ கோப்பில் இருக்கிறது. இந்த இடைவெளியை ஒவ்வொரு இயக்குநரும் எப்படிக் கடந்தார், எங்கே கடந்துவிட்டதாகப் பாவனை செய்தார் என்று பார்ப்பதே இவற்றை எடைபோட நல்ல வழி.

ஜெர்மன் ஆக்கிரமிப்பில் இருந்த பிரான்சை எடுத்துக்கொள்வோம். 1942 ஜூலை 16, 17 தேதிகளில் பாரிஸிலும் அதன் புறநகர்களிலும் பிடிக்கப்பட்ட யூதர்கள் 13,152 பேர். அவர்களில் 4,115 பேர் குழந்தைகள். குடும்பத்தோடு பிடிபட்டவர்களை வெல் டீவ் என்ற சைக்கிள் பந்தய உள்ளரங்கில் அடைத்தார்கள். கேட்டது ஜெர்மானியர், பிடித்தது பிரெஞ்சுப் போலீஸ். ஜெர்மானியரோடு ஒத்துழைத்த பிரெஞ்சு விஷி அரசின் காவல்துறைத் தலைமைச் செயலாளர் ரெனே பூஸ்கே அதற்கு உடன்பட்டிருந்தார். ஜெர்மானியர் முதலில் கேட்காத, பதினாறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளையும் சேர்த்து அனுப்பலாம் என்று முன்வந்தவர் அரசாங்கத் தலைவர் பியேர் லவால்.

இந்த வேலை உண்மையில் தொடங்கியது 1940 அக்டோபரில். யூதர்கள் காவல் நிலையத்துக்கு வந்து பெயர் பதிய வேண்டும் என்று ஆக்கிரமிப்பு நிர்வாகம் ஆணையிட, பாரிஸ் வட்டாரத்தில் ஏறக்குறைய 1,50,000 பேர் வந்து பதிந்தார்கள். ஆந்த்ரே துலார் என்ற காவல்துறை அதிகாரியின் மேற்பார்வையில் அந்த விவரங்கள் அட்டைகளாயின. பெயர் அகரவரிசையில் ஓர் அடுக்கு, தெருவாரியாக ஓர் அடுக்கு, தொழில்வாரியாக ஒன்று, குடியுரிமைவாரியாக ஒன்று. கச்சிதமான வேலை. ஜூலை 16 விடியற்காலையில் கதவைத் தட்டிய போலீஸ்காரர்களை எந்தத் தெருவுக்கு, எந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று சொல்லி அனுப்பியவை இந்த அட்டைகள்.

மேசையில் உட்கார்ந்து அட்டை எழுதுகிறவரை யார் படமெடுக்கப் போகிறார்கள்? சுற்றிவளைப்புக்கே கூட, அரங்கின் வெளியே வரிசையாக நிற்கும் பேருந்துகளைக் காட்டும் ஒற்றைப் புகைப்படம்தான் சான்றாக எஞ்சியது. அரங்கின் உட்புறக் காட்சி என்று நெடுங்காலமாக நூல்களில் அச்சாகிவந்த படம் ஒன்று உண்டு. அதில் இருப்பவர்கள் யூதர்களே அல்லர், பாரிஸ் விடுதலையான பிறகு அங்கே அடைக்கப்பட்ட, நாஜிகளோடு ஒத்துழைத்ததாகச் சந்தேகிக்கப்பட்டவர்கள் என்று 1983-இல் வரலாற்றாய்வாளர் செர்ஜ் கிளார்ஸ்ஃபெல்ட் கண்டுபிடித்தார். ஒத்துழைத்தவர்களின் படத்தைப் பார்த்துப் பலியானவர்களுக்காக இத்தனை காலம் கலங்கியிருக்கிறார்கள்! அரங்கத்தையும் 1959-இல் இடித்துவிட்டார்கள். ஆக, அதிகாரிகளின் குற்றத்தைப் படமாக்க வருகிறவருக்குக் காட்சி என்று எதுவும் கிடைப்பதில்லை. உயிரோடிருக்கும் ஆட்களைத் தேடிப் போவதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை.

அப்படிப் போனவர்களில் முதல்வர் என்று சொல்லத்தக்கவர் மார்செல் ஒஃபூல்ஸ். 1969-இல் முடிந்த 'துயரமும் இரக்கமும்' நான்கு மணி நேரத்துக்கும் மேல் ஓடும். கிளெர்மோன்-ஃபெரான் என்ற ஒரு நகரத்தை எடுத்துக்கொண்டு, ஆக்கிரமிப்புக் காலத்தில் அங்கே யார் என்ன செய்தார்கள் என்று விசாரிக்கிறது. ஒஃபூல்ஸின் ஆயுதம் மரியாதை. குரலை உயர்த்த மாட்டார், பேச்சை மறிக்க மாட்டார், அவ்வப்போது புன்னகைப்பார். எதிரே இருப்பவர் அந்த மரியாதையைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு மனம்விட்டுப் பேசுவார். அப்போது ஒஃபூல்ஸ் ஒரு காகிதத்தை நினைவூட்டுவார்.

கடைக்காரர் ஒருவரிடம் அவர் பேசும் இடத்தைப் பாருங்கள். நல்ல மனிதராகத் தெரிகிறார். போர்க்காலத்தில் உள்ளூர் நாளிதழில் நீங்கள் ஒரு விளம்பரம் கொடுத்தீர்கள் அல்லவா என்று ஒஃபூல்ஸ் கேட்கிறார். தான் யூதன் அல்ல, பிரெஞ்சுக்காரன் என்று வாடிக்கையாளர்களுக்கு அறிவிக்கும் விளம்பரம். அவருடைய பெயர் யூதப் பெயர்போல் ஒலிக்கும். ஊரில் பேச்சு கிளம்பியிருக்கிறது. கடைக்காரர் மறுக்கவில்லை. விளக்குகிறார், விளக்க விளக்க மேலும் சிக்கிக்கொள்கிறார். இவர் அதிகாரி இல்லை, யாரையும் பிடித்துக் கொடுக்கவும் இல்லை. ஆனால் 1940 அக்டோபர் 3-ஆம் தேதியிட்ட யூதர் சட்டம், அரசாணையாக இருந்த ஒன்று, ஒரு கடைத்தெருவின் வியாபார புத்திக்குள் எப்படி இறங்கியது என்பதை இந்தச் சில நிமிடங்களைவிடத் தெளிவாக எந்த வரலாற்று நூலும் எனக்குக் காட்டியதில்லை.

அதே படம் அதிகாரத்தின் மேல்தட்டைத் தொடும்போது கொஞ்சம் தடுமாறுகிறது. லவாலின் மருமகன் ரெனே த ஷாம்ப்ரன் தன் மாமனாருக்காக வாதாடுகிறார், எண்களை அடுக்குகிறார். எழுத்தாளர் குளோத் லெவி வெல் டீவ் சுற்றிவளைப்பையும் லவால் குழந்தைகளையும் சேர்த்ததையும் சொல்கிறார். மோதல் கூர்மையானதுதான். ஆனால் பூஸ்கே எங்கே? படம் எடுக்கப்பட்ட காலத்தில் அவர் உயிரோடு, வசதியாக, வங்கித் துறையில் பெரிய பொறுப்பில் இருந்தார். இந்த வகைப் படங்கள் எல்லாவற்றுக்கும் உள்ள அடிப்படை ஊனம் இது. பேசச் சம்மதிப்பவர்தான் படத்தில் வருவார். இழப்பதற்கு எதுவும் இல்லாதவரும், தன் நியாயத்தில் முழு நம்பிக்கை உள்ளவரும், கொஞ்சம் அசடானவரும் சம்மதிப்பார்கள். விவரமானவர் வாய் திறக்க மாட்டார். விளைவு, குற்றத்தில் பெரும்பங்கு உள்ளவர் திரையில் பெயராக மட்டும் வர, சிறு பங்கு உள்ளவர் முகமாகி மாட்டிக்கொள்கிறார்.

படத்துக்குத் தொலைக்காட்சியில் ஏற்பட்ட கதி தெரிந்ததே. தொலைக்காட்சிக்காக எடுத்த படத்தைப் பிரெஞ்சு அரசுத் தொலைக்காட்சி வாங்கவில்லை. 1971-இல் பாரிஸின் ஒரு சிறு திரையரங்கில் வெளியாகி நீண்ட நாள் ஓடியது. 1981-இல்தான் நாட்டின் வீடுகளுக்குள் போனது. எதிர்த்தவர்கள் எல்லோரும் விஷி ஆதரவாளர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. ஆஷ்விட்ஸிலிருந்து உயிர்தப்பி வந்த சிமோன் வேய்ல் கடுமையாக எதிர்த்தார். பிரெஞ்சு மக்கள் எல்லோரையும் கோழைகளாகவும் சுயநலக்காரர்களாகவும் படம் காட்டுகிறது என்பது அவர் குற்றச்சாட்டு. படத்தில் எதிர்ப்பியக்க விவசாயிகள் கிராவ் சகோதரர்கள் வருகிறார்கள், அவர்கள்தான் படத்தின் உயிர் என்றுகூடச் சொல்லலாம்; ஆகவே அவர் சொன்னது முழு உண்மை அல்ல. ஆனால் ஒதுக்கிவிடவும் முடியாது. பிரான்சிலிருந்து நாடுகடத்தப்பட்ட யூதர்கள் ஏறக்குறைய 76,000 பேர்; திரும்பியவர்கள் மிகச் சிலர். அதே வேளையில் அங்கே வாழ்ந்த யூதர்களில் முக்கால்வாசிப் பேர் உயிர்பிழைத்தார்கள். அரசு இயந்திரம் ஒரு பக்கம் இழுக்க, அண்டை அயலார் பலர் இன்னொரு பக்கம் மறைத்து வைத்திருக்கிறார்கள். ஒஃபூல்ஸ் இந்த இரண்டையும் 'பிரெஞ்சு மனநிலை' என்ற ஒரே கூடையில் போடும்போது, பதில் சொல்ல வேண்டிய அதிகாரி பொதுமக்கள் கூட்டத்தில் கலந்து நழுவிவிடுகிறார்.

குளோத் லான்ஸ்மானின் 'ஷோவா' (1985) இந்தச் சிக்கலை வேறு விதமாக அணுகியது. பதினோரு ஆண்டு உழைப்பு, ஒன்பதரை மணி நேரப் படம். பழைய படச்சுருள் ஒரு துண்டுகூடக் கிடையாது. அதில் வரும் வால்டர் ஷ்டியர், ஆக்கிரமிக்கப்பட்ட போலந்தில் சிறப்பு ரயில்களுக்கான பிரிவின் தலைவராக இருந்தவர். ட்ரெப்லிங்கா கொலைமுகாமுக்குப் போன ரயில்களுக்கு அட்டவணை போட்டது அவருடைய அலுவலகம். தான் மேசையை விட்டு நகர்ந்ததே இல்லை, ரயிலைக் கண்ணால் பார்த்ததே இல்லை, வேலை மலைபோல் குவிந்து கிடந்தது என்கிறார். ட்ரெப்லிங்கா அவருக்கு ஒரு நிலையத்தின் பெயர், அவ்வளவுதான்.

யூதர்களை அடைத்துவைத்த வார்சா கெட்டோவின் ஜெர்மன் ஆணையருக்கு உதவியாளராக இருந்த ஃபிரான்ஸ் கிராஸ்லர் இன்னும் சுவாரசியமானவர். போர்க்காலத்து வார்சாவைவிடப் போருக்கு முன்பு போன மலையேற்றங்கள்தான் தனக்கு நன்றாக நினைவிருக்கின்றன என்கிறார். கெட்டோவின் யூத மன்றத் தலைவர் ஆடம் செர்னியாகோவ் எழுதிய நாட்குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு, 1941 ஜூலை 7 அன்று உங்கள் பெயர் இதில் வருகிறது என்கிறார் லான்ஸ்மான். ஓ, அப்படியா, குறித்துக்கொள்ளலாமா என்று கேட்டு, தன் வாழ்க்கையின் தேதியையே புதுத் தகவல்போல எழுதிக்கொள்கிறார் கிராஸ்லர். நடிப்பா, உண்மை மறதியா? எத்தனை முறை பார்த்தாலும் எனக்குப் பிடிபடவில்லை. செர்னியாகோவ் 1942 ஜூலை 23 அன்று, கெட்டோவிலிருந்து கொலைமுகாமுக்கு ஆட்களை ஏற்றத் தொடங்கிய மறுநாள், தற்கொலை செய்துகொண்டார். நாட்குறிப்பு மட்டும் மிஞ்சி அதிகாரியின் எதிரே வந்து நிற்கிறது.

இந்தக் காட்சிகளைப் புகழாத விமர்சகர் இல்லை. ஆனால் படத்தில் அதிகாரிகளின் குற்றம் உண்மையாகவே நிரூபணமாகும் இடம், வரலாற்றாய்வாளர் ரவுல் ஹில்பர்க் தன் வீட்டில் உட்கார்ந்து ஒரு காகிதத்தைப் படித்துக்காட்டும் காட்சி என்பேன். 587-ஆம் எண் ரயில் அட்டவணை உத்தரவு. 50 சரக்குப் பெட்டிகள் கொண்ட ரயில்; ஒரு கெட்டோவிலிருந்து கிளம்பும் நேரம், ட்ரெப்லிங்காவை அடையும் நேரம், காலியாகத் திரும்பும் நேரம், மறுபடி நிரப்பப்படும் அடுத்த ஊர். ஹில்பர்க் விரலால் வரிவரியாகத் தொட்டுக்கொண்டே போகிறார். இந்த ஒற்றைக் காகிதத்தில் ஏறக்குறைய பத்தாயிரம் பேரின் சாவு இருக்கலாம் என்கிறார். 'இரகசியம்' என்ற முத்திரைகூட இல்லை. வழியில் உள்ள சிறு நிலையங்களுக்கெல்லாம் போன அலுவல் சுற்றறிக்கை அது. பயணக் கட்டணமும் உண்டு. நாலு வயதுக்குக் கீழே இலவசம், பத்து வயதுக்குக் கீழே பாதி, நானூறு பேருக்கு மேல் என்றால் குழுச் சலுகை. மற்றவர்களுக்கு விடுமுறைப் பயணச்சீட்டு விற்ற அதே பயண நிறுவனம்தான் இந்தக் கணக்கையும் பார்த்தது.

ஷ்டியரின் முகத்தில் நாம் தேடுவது வெட்கத்தை. காகிதத்தில் தெரிவதோ வேலை. வெட்கப்படுகிற அதிகாரியும் வெட்கப்படாத அதிகாரியும் அதே அட்டவணையைத்தான் போட்டிருப்பார்கள். ஹில்பர்க் காட்சி ஷ்டியரையும் தீர்த்துவிடுகிறது. யாரிடமும் மறைக்காமல் ஊருக்கு ஊர் அனுப்பிய காகிதம் அது. காலியாகவே திரும்பும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. அட்டவணை போட்டவருக்கு மட்டும் அது எப்படித் தெரியாமல் போயிருக்கும்?

லான்ஸ்மானின் வழிமுறையிலும் விலை உண்டு. நாஜிகள் சிலரை ஒளித்துவைத்த கேமராவால் படமெடுத்தார். ட்ரெப்லிங்காவில் காவலராக இருந்த ஃபிரான்ஸ் சுக்கோமெலிடம் பெயரை வெளியிடுவதில்லை என்று வாக்குக் கொடுத்துவிட்டு மீறினார். அந்த ஆளுக்கு இவ்வளவு நேர்மை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நானும் சுக்கோமெலுக்காகக் கண்ணீர் விடப்போவதில்லை. என் ஐயம் வேறு. ஏமாற்றிப் பெற்ற வாக்குமூலத்தில் பார்வையாளரின் கவனம் சொல்லப்படுவதிலிருந்து சொல்பவர் மாட்டிக்கொண்ட வேடிக்கைக்குத் தாவுகிறது. திருடனைப் பிடித்த களிப்பு வந்துவிட்டால் விசாரணை முடிந்துபோகிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: ஒன்பதரை மணி நேரத்தில் போலந்து விவசாயிகளின் முகத்துக்கு அருகே அத்தனை முறை போகும் பிரெஞ்சு இயக்குநர், தன் நாட்டு அதிகாரிகளின் பக்கம் திரும்பவே இல்லை. கொலை நடந்த இடத்தைப் பற்றிய படம் என்ற பதில் பாதிதான் செல்லும். ரயில்கள் பாரிஸ் அருகிலிருந்தும்தான் புறப்பட்டன.

எயால் சிவானும் ரோனி ப்ரோமனும் எடுத்த 'நிபுணர்' (1999) முழுக்க ஒரே முகத்தின் மேல் கட்டியது. 1961-இல் ஜெருசலேமில் நாஜி அதிகாரி ஐக்மன் மீது நடந்த விசாரணையை லியோ ஹர்விட்ஸ் பதிவுசெய்திருந்த நூற்றுக்கணக்கான மணி நேர வீடியோவிலிருந்து இரண்டு மணி நேரம் வெட்டி எடுத்தார்கள். வழிகாட்டி, அந்த விசாரணையைப் பற்றிய ஹானா ஆரென்டின் நூல். கண்ணாடிக் கூண்டுக்குள் ஐக்மன் மூக்குக்கண்ணாடியைத் துடைக்கிறார், கோப்புகளை ஒழுங்காக அடுக்குகிறார், தன் துறையின் அதிகார எல்லை எது என்று நீதிபதிகளுக்குப் பாடம் எடுக்கிறார். அதிகாரவர்க்க மொழியை இவ்வளவு நுட்பமாகக் கேட்கவைத்த படம் வேறில்லை. ஆனால் கண்ணாடியில் தெரியும் பிரதிபலிப்புகள் கணினியில் சேர்த்தவை, ஒலியில் கை வைத்திருக்கிறார்கள், வரிசை மாறியிருக்கிறது. விசாரணைப் பதிவுகளைப் பாதுகாத்த காப்பகத்தின் தலைவராக இருந்த ஹிலெல் டிரிஸ்டர், படத்தொகுப்பு உண்மையைத் திரித்துவிட்டது என்று பின்னர் வெளிப்படையாகவே குற்றஞ்சாட்டினார். இது சினிமா, நீதிமன்ற அறிக்கை அல்ல என்று இயக்குநர் தரப்பு சொல்லலாம். ஆவணப்படம் என்று சொல்லி நுழைவுச்சீட்டு விற்ற பிறகு அந்த வாதத்துக்கு வலு குறைவு.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. கூண்டுக்குள் உட்கார்ந்திருந்த குமாஸ்தா, ஐக்மன் போட்ட வேடம். 1957-இல் புவெனஸ் ஐரிஸில் வில்லெம் சாசென் என்ற நாஜி ஆதரவுப் பத்திரிகையாளரிடம் பேசியபோது அவர் குரல் வேறாக இருந்தது. கணக்கிட்டிருந்த ஒரு கோடியே மூன்று லட்சம் யூதரையும் கொன்றிருந்தால் திருப்தியாக இருந்திருக்கும் என்ற பொருளில் பேசியிருக்கிறார். அந்த ஒலிநாடாக்களை 2022-இல் யாரிவ் மோஸெர் தன் ஆவணத் தொடரில் கேட்கவைத்தார். அவரும் நாடாவோடு நிற்கவில்லை. நடிகர்களை வைத்து வாயசைக்கச் செய்து அறையைப் புனைந்து காட்டினார். மூலக் குரல் கையில் இருக்கும்போதும் முகம் இல்லாமல் படம் எடுக்க மனம் வரவில்லை! முகத்தை நம்பிய 'நிபுணர்' ஏமாந்தது. முகம் இல்லாத இடத்தில் மோஸெர் ஒன்றைச் செய்துவைத்தார்.

நீதிமன்றங்கள் இந்தப் படங்களை நம்பி எதையும் செய்யவில்லை. மொரிஸ் பப்போனைப் பாருங்கள். போர்க்காலத்தில் போர்தோ மாவட்ட நிர்வாகத்தின் தலைமைச் செயலாளர். பிறகு பாரிஸ் காவல்துறைத் தலைவர். பிறகு பட்ஜெட் அமைச்சர். 1981 மே மாதம், அதிபர் தேர்தலின் இரு சுற்றுகளுக்கு இடையே, 'ல கனார் ஆன்ஷெனே' வார இதழ் அவர் கையெழுத்திட்ட ஆவணங்களை வெளியிட்டது. காப்பகத்தில் யாரோ பொறுமையாகக் கட்டுகளைப் புரட்டியதன் பலன். வழக்கு நடந்து, மனித குலத்துக்கு எதிரான குற்றத்துக்கு உடந்தை என்று 1998 ஏப்ரலில் பத்தாண்டுச் சிறை விதிக்க மேலும் பதினேழு ஆண்டுகள் ஆயின. பூஸ்கே விசாரணைக்கு முன்பே 1993-இல் சுட்டுக்கொல்லப்பட்டார். யூதர் சட்டத்தின் வரைவை விஷி ஆட்சியின் தலைமையில் இருந்த பெத்தேன் தன் கைப்படத் திருத்தி அதைக் கடுமையாக்கினார் என்பது 2010-இல் வெளிவந்ததும் ஒரு காகிதத்தால்தான்.

அப்படியானால் படங்கள் எதற்கு? விஷி ஆட்சி ஜெர்மானியருக்கு வலியப்போய் உதவியது என்று நிறுவிய வரலாற்றாய்வாளர் ராபர்ட் பாக்ஸ்டனின் நூல் பிரெஞ்சில் வந்தது 1973-இல். அதற்கு இரண்டு ஆண்டு முன்பே ஒஃபூல்ஸின் படம் பாரிஸில் வரிசையில் நின்று பார்க்கப்பட்டது. காகிதம் குற்றத்தை நிரூபிக்கும். ஆனால் அந்தக் காகிதத்தைத் தேட வேண்டும் என்ற எண்ணத்தையும், வெளியானால் அதைப் படிக்க ஒரு கூட்டத்தையும் திரை உண்டாக்கியது. 1995-இல் அதிபர் ஜாக் சிராக் பிரெஞ்சு அரசின் பொறுப்பை ஒப்புக்கொண்டதற்குப் பின்னால் கிளார்ஸ்ஃபெல்ட் தொகுத்த பெயர்ப் பட்டியல்களுக்கு எவ்வளவு பங்கோ, இந்த இருட்டறை மணி நேரங்களுக்கும் கிட்டத்தட்ட அவ்வளவு பங்கு உண்டு என்று நான் கருதுகிறேன்.

இந்தப் படங்களில் இல்லாத காட்சி ஒன்றையும் குறையாகச் சொல்ல வேண்டும். வெல் டீவுக்கு மூன்று நாள் கழித்து, 1942 ஜூலை 19 அன்று, நான்சி நகரில் வெளிநாட்டு யூதர்களைப் பிடிக்கத் திட்டமிருந்தது. பட்டியலில் 385 பேர். அங்கே வெளிநாட்டவர் பிரிவில் இருந்த எதுவார் விஞரோனும் அவருடைய சக அதிகாரிகளும் முந்தைய நாளே வீடுவீடாகச் சொல்லியனுப்பினார்கள். போலி அடையாள அட்டைகளும் கொடுத்தார்கள். பிடிபட்டவர்கள் 32 பேர். பாரிஸிலும் 27,000-க்கும் மேற்பட்ட அட்டைகளை எடுத்துக்கொடுத்தும் பிடிக்க முடிந்தது அதில் பாதியைத்தான். அங்கேயும் காவல் நிலையங்களிலிருந்து செய்தி கசிந்திருந்தது. அரசு அலுவலகத்துக்குள் உட்கார்ந்துகொண்டே, அதே அட்டையையும் அதே முத்திரையையும் வைத்துக்கொண்டு, உத்தரவைக் கெடுத்தவர்கள் இவர்கள். மேசையை விட்டு நகரவில்லை என்ற ஷ்டியரின் சாக்கை உடைக்க மறைகேமராவைவிட விஞரோனின் மேசை போதும். ஒஃபூல்ஸின் படத்திலும் லான்ஸ்மானின் படத்திலும் அந்த மேசை இல்லை. உதவிய அதிகாரியைக் காட்டினால் மற்றவர்களுக்கு மன்னிப்புக் கொடுத்ததாகிவிடும் என்று இயக்குநர்கள் பயந்திருக்கலாம். நான்சியில் இருந்தவர்களால் முடிந்தது என்பதுதான் பாரிஸில் இருந்தவர்களுக்கு எதிரான வலுவான சாட்சியம்.